பன்னிரண்டு பென்சில்கள்

ரெம்பாங்
4 செப்டம்பர் 1988

தம்பி ஜுபைதிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் ஹெர்லினாவும் பிள்ளைகளும் நலம்தானே? சின்னவனுக்கு இருமல் நின்றதா? என் முழங்கால் போன மாதத்தைவிடப் பரவாயில்லை. உப்பளங்களில் வேலை மும்முரம். துணி காயப் போட்டால் உப்புத் தூசியோடுதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு விஷயம் கேட்க எழுதுகிறேன். கல்லூரியில் பெண்கள் சட்டப் பிரிவை மூடிவிட்டு, அதே அறையில் இல்லப் பராமரிப்பு வகுப்பு தொடங்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பிரிவில் நான் பாடம் நடத்துகிறேன். இப்போது கடைசி வருடத்தில் பன்னிரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஜூன் தேர்வில் தேறினால் மார்க்க நீதிமன்றங்களில் நீதிபதி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பிரிவை மூடினால் அவர்களுக்குத் தேர்வே இல்லை.

முதல்வர் கியாய் மஸ்ருகானிடம் நேரே கேட்டேன். "ஜகார்த்தால அறக்கட்டளை என்ன சொல்லுதோ அதுதான், இபு. அங்க செயலாளர் உங்க தம்பி. எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?" என்றார். 'இபு' என்ற மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். ஆம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும்.

வஸ்ஸலாம்,
அக்கா மர்ஃபூஆ

*

ஜகார்த்தா
19 செப்டம்பர் 1988

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். இருமல் சின்னவனை விட்டுவிட்டுப் பெரியவனைப் பிடித்திருக்கிறது. முழங்காலுக்கு ஹெர்லினா ஒரு தைலம் அனுப்பியிருக்கிறாள். வாடை கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல செய்தி. கனடாவிலிருந்து திருமதி கால்டர் என்ற கல்வியாளர் வருகிறார். நம் கல்லூரிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவார். பல இடங்களுக்கு வெளிநாட்டு உதவி கிடைக்க அவருடைய அறிக்கை காரணமாக இருந்திருக்கிறது. ரெம்பாங்கையும் பட்டியலில் சேர்த்தது நான்தான். நவம்பர் எட்டாம் தேதி, ஒரு நாள் முழுக்க உங்களோடு இருப்பார். மொழிபெயர்க்க உங்களைவிட்டால் அந்தக் கல்லூரியில் யார் இருக்கிறார்கள்?

இங்கே நல்ல காப்பிக்கு வழியில்லை. காப்பி வண்டலைச் சிகரெட்டில் பூசிப் புகைக்கும் நம் ஊர்க் கடை நினைவுக்கு வருகிறது. ஹெர்லினாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

துஆவுடன்,
தம்பி ஜுபைதி

*

ரெம்பாங்
2 அக்டோபர் 1988

தம்பிக்கு,

ஸலாம். தைலம் கிடைத்தது. முழங்கால் தேறியது, பூனை வீட்டை விட்டுப் போய்விட்டது. பெரியவனுக்கு இப்போது எப்படி?

உன் கடிதம் இரண்டு பக்கம். என் கேள்விக்குப் பதில் அதில் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

விருந்தாளி வரும் செய்தியை இங்கேயும் அறிவித்துவிட்டார்கள். கியாய் ஆசிரியர் கூட்டத்தில் திட்டம் சொன்னார். ஆண்கள் பிரிவு குர்ஆன் ஓதிக் காட்ட வேண்டும். பெண்கள் பிரிவு கிளெபோன் கொழுக்கட்டை உருட்டிக் காட்ட வேண்டும். சட்டப் பிரிவுப் பெண்கள் உட்பட. ஏன் என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரம்மாவுக்குச் சட்டப் புத்தகம் என்னத்தப் புரியும்? கிளெபோன்னா புரியும். வாயில போட்டா வெல்லம் உடைஞ்சு ஓடும். அதுக்கு மொழிபெயர்ப்பே வேணாம், உங்களுக்கும் சிரமம் மிச்சம்" என்றார்.

வகுப்பில் இதைச் சொன்னபோது, மீன் ஏலக்காரர் மகள் வசீலா எழுந்து நின்றாள். "இபு, நான் உருட்டின கிளெபோன எங்க வீட்டுக் கோழிகூடத் திங்காது. கல்லூரி மானம் போகணும்னா சொல்லுங்க, உருட்டறேன்."

விருந்தாளி பத்து மணிக்கு என் வகுப்பில் இருப்பார் என்று கியாயிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கிளெபோனை விடுதிச் சமையல்காரர் செய்யட்டும். அவர் நன்றாகவே செய்வார்.

மறுபடி கேட்கிறேன். மூடப் போகிறீர்களா?

அக்கா

*

ஜகார்த்தா
20 அக்டோபர் 1988

அக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மழை தொடங்கிவிட்டதா? கூரை ஓடுகளை யாரிடமாவது சொல்லி மாற்றச் சொல்லுங்கள். நீங்களே ஏறாதீர்கள்.

வதந்திகளைப் பற்றி இப்போது பேசி என்ன பயன்? முதலில் எட்டாம் தேதி நல்லபடியாக முடியட்டும். உங்களைத் தெரிந்ததால் சில வார்த்தை சொல்கிறேன், கோபிக்காதீர்கள். விருந்தாளி கேட்பதையும் இங்குள்ளவர்கள் சொல்வதையும் எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கரடுமுரடாக ஏதாவது வந்தால் வழவழப்பாக்கிக் கொடுங்கள். வகுப்பில் விவாதம் எதுவும் வேண்டாம். நம் பெண்கள் பெரியவர்கள் முன்னால் தாமாகப் பேசமாட்டார்கள். அது நல்ல பழக்கம்தான். அப்படியே இருக்கட்டும்.

இது எனக்கும் முக்கியமான நாள், அக்கா.

தம்பி

*

ரெம்பாங்
9 நவம்பர் 1988

தம்பிக்கு,

ஸலாம். பிள்ளைகள் நலமா? எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

திருமதி கால்டர் நேற்று எட்டரைக்கு ஸெமராங்கிலிருந்து ஜீப்பில் வந்தார். அறுபது வயதிருக்கும். நல்ல மழை. காலணியை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், குடையை எடுக்க மறுபடி போனார். அதற்குள் வசீலா வழக்கம்போல அவர் காலணியை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நான் கெளம்பணும்னு சொல்றாங்களா?" இல்லை, ஆசிரியர் வெளியே வரும்போது திரும்பி நின்று தடுமாறாமல் காலை நுழைத்துக்கொண்டு போகட்டும் என்று மாணவர்கள் செய்யும் மரியாதை என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எதையும் எழுதிக்கொள்கிறார்.

பத்து மணிக்கு என் வகுப்பு. கியாய் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திருமதி கால்டர் பெண்களைப் பார்த்து, படித்து முடித்ததும் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டார். பன்னிரண்டு தலைகளும் குனிந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பெரியவர்கள் முன் வாய் திறப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. காது கேளாதவர்களிடம் கேட்பதுபோல நிறுத்தி நிறுத்தி மறுபடி கேட்டார். பிறகு குறிப்பேட்டில் எழுதினார். பக்கத்தில் இருந்ததால் படிக்க முடிந்தது. "மௌனம். பயமா? பாடம் புரியவில்லையா?"

கியாய் என் பக்கம் சாய்ந்தார். "சொல்லுங்க, இபு. கூச்ச சுபாவம், வீட்டு வேலையிலதான் இவங்களுக்கு ஆர்வம்னு சொல்லிடுங்க."

மொழிபெயர்த்தேன், தம்பி. எழுத்துக்கு எழுத்து. 'சொல்லுங்க, இபு' என்பதையும் 'சொல்லிடுங்க' என்பதையும் சேர்த்து. திருமதி கால்டர் பேனாவை மூடினார்.

அப்புறம் நான் செய்தது உனக்கு வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கும். என் வழியாகவும் வரட்டும்.

என் இடத்திலிருந்து எழுந்து மாணவி உட்காரும் பாயில் உட்கார்ந்தேன். வசீலாவைப் பெயர் சொல்லி அழைத்து, ஆசிரியை இடத்தில் உட்காரச் சொன்னேன்.

"இபு, விளையாடாதீங்க."

"பென்சில எடு. எல்லாரும் எடுங்க. இன்னிக்கு நான் வாசிக்கிறேன்."

விருந்தாளிக்கு மட்டும் நம் வழக்கத்தைச் சொன்னேன். இங்கே மாணவி தனியாக வந்து ஆசிரியை முன் வாசிப்பாள். பிழை வந்தால் ஆசிரியை எதுவும் சொல்வதில்லை. முன்னால் இருக்கும் எழுதுபலகையில் பென்சிலால் ஒரு தட்டு தட்டுவார். மாணவி திரும்பிப் போய்த் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

நான் எடுத்தது, பெண் நீதிபதியாகலாமா என்ற அத்தியாயம். மூன்று கருத்துகள் இருக்கின்றன. கூடாது என்பது ஒன்று. சொத்து வழக்குகளில் ஆகலாம் என்பது இரண்டு. எல்லா வழக்கிலும் ஆகலாம் என்பது மூன்று. கியாய் ஒரு வருடமாக வெள்ளிக்கிழமைப் பேருரையில் முதலாவதை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார். அவர் வாசிப்பதுபோலவே வாசித்தேன். முதல் கருத்து, அங்கிருந்து நேரே முடிவுரை.

ஒரு தட்டும் விழவில்லை. ஆசிரியை வாசிக்கும்போது மாணவி தட்டியதாக இந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. வசீலா பென்சிலை உயர்த்தினாள், மறுபடி இறக்கினாள். நான் முடிவுரையை இரண்டாம் முறை வாசித்தேன். இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு தட்டு. முஸ்லிஹா. இரண்டு பிள்ளைகளின் தாய், மூன்று வருடமாக நான் கேட்டாலொழியப் பேசாதவள். அடுத்து வசீலா. அப்புறம் எல்லோரும். மரப்பலகையில் பன்னிரண்டு பென்சில்கள். ஓட்டு மேல் விழுந்த மழைச் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் போய் இரண்டாம் கருத்தை வாசித்தேன். மூன்றாவதைத் தாண்டினேன். தட்டு விழுந்தது.

கியாய் எழுந்துவிட்டார். "போதும், இபு."

அந்தப் 'போதும்' முடிவதற்குள் இன்னொரு தட்டு விழுந்தது. யார் என்று நான் பார்க்கவில்லை. தலை குனிந்தபடி, மிக மரியாதையாக, ஒரே ஒரு தட்டு.

மூன்றாம் கருத்தை வாசித்தேன். பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தேன். நாற்பது நிமிடம் பேசினார்கள். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, திருமதி கால்டர் மேலும் மேலும் கேள்வி கேட்டார். தொண்டை கட்டியது இதனால்தான். கிளெபோன் தட்டில் அப்படியே ஆறிக் கிடந்தது.

உன் முக்கியமான நாள் எப்படிப் போனது என்று நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா

*

ரெம்பாங்
18 டிசம்பர் 1988

தம்பிக்கு,

ஸலாம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால் தாமதமாகியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளின் பள்ளித் தேர்வு எப்படி? ஹெர்லினாவின் அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்ததா?

கூரை ஓடுகளை மாற்றிவிட்டேன். நானேதான் ஏறினேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தபால்காரர் கீழே நின்று, "ஏதாவது இருந்தா மேலயே தூக்கிப் போடுவேன், ஒண்ணும் இல்ல இபு" என்று கத்தினார். மிளகாய்ச் செடிகள் பிடித்துவிட்டன. முன்னறைக்கு இரண்டு பாய் வாங்கினேன். காலையில் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், இருந்தவை போதவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

ஜகார்த்தா
11 ஜனவரி 1989

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு மன்னியுங்கள். அலுவலகத்தில் வேலை அதிகம். எல்லோரும் நலம்.

நேரடியாகவே எழுதுகிறேன். பெண்கள் சட்டப் பிரிவை இல்லப் பராமரிப்புப் பிரிவாக மாற்றும் பரிந்துரை அறக்கட்டளைக் குழுவின் முன் வருகிறது. உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் யோசியுங்கள். இதுவரை அங்கே படித்து முடித்தவர்களில் நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் கல்யாணம் செய்துகொண்டு வீட்டில் இருக்கிறார்கள். புதிய பிரிவு வந்தால் தையல் இயந்திரங்கள், சமையல்கூடம், ஒரு கட்டடம் எல்லாம் கிடைக்கும். நூறு பெண்கள் படிக்கலாம். பன்னிரண்டு பேருக்காக நூறு பேரை நிறுத்தி வைக்கலாமா?

திருமதி கால்டரின் வருகைக்குப் பிறகு, அவருடைய அறிக்கையின் அடிப்படையில், இந்த முடிவுக்கு வந்திருக்கிறோம். கியாயும் சம்மதித்துவிட்டார். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். 'நாங்கள் சுயவிருப்பத்துடன் பிரிவு மாற்றம் கோருகிறோம்' என்று. பன்னிரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். நீங்கள் சொன்னால் போடுவார்கள்.

ஏப்ரல் 3ஆம் தேதி இங்கே ஜகார்த்தாவில் பள்ளிவாசல் மாடி மண்டபத்தில் குழு கூடுகிறது. அறிக்கையை வாசிப்பது நான்.

தம்பி

*

ரெம்பாங்
24 ஜனவரி 1989

தம்பிக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல்.

உன் கடிதத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். மூன்று இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். அப்பா நம் இருவரையும் வாசிக்க வைத்த காலத்தில் நீ வரிகளைத் தாண்டித் தாண்டி முதலில் முடித்துவிடுவாய். அவர் மோதிரத்தால் பலகையில் தட்டுவார். அவர் இல்லை. நான் புள்ளி வைக்கிறேன்.

முதல் புள்ளி, 'இரண்டே பேர்'. அதில் 'ஏ' எங்கிருந்து வந்தது? இரண்டு பேர் நீதிபதியாக இருக்கிறார்கள் என்று வாசி.

இரண்டாவது, 'வருகைக்குப் பிறகு'. போன வாரம் திருமதி கால்டர் கனடாவிலிருந்து எனக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தார். ஜகார்த்தாவில் அவருடைய அறிக்கையோடு சேர்த்துக் கையெழுத்திட ஒரு பரிந்துரையைக் கொடுத்தார்களாம். தட்டச்சு செய்து தயாராக இருந்ததாம். மேலே ஆகஸ்ட் 1988 என்று தேதி போட்டிருந்ததாம். தான் இந்தோனேசியாவுக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பே தன் கருத்து எழுதி முடிக்கப்பட்டிருந்தது வியப்பாக இருந்தது என்கிறார். கையெழுத்திடவில்லை. அவருடைய சொந்த அறிக்கையில் எங்கள் வகுப்பைப் பற்றி எழுதியதன் நகலையும் வைத்திருக்கிறார். அதில் நீ சொல்வது இல்லை. அதற்கு நேர் எதிரானது இருக்கிறது.

செப்டம்பரில் உன்னிடம் ஆமா இல்லையா என்று கேட்டேன். அப்போதே உன் மேஜையில் பதில் தட்டச்சாகி இருந்திருக்கிறது.

மூன்றாவது, 'சுயவிருப்பத்துடன்'. இதற்கு விளக்கம் தேவையில்லை. தாளைப் பெண்களிடம் காட்டினேன். வசீலா வாங்கிப் படித்தாள். "எங்க விருப்பத்த எங்களுக்கு முன்னாலயே தட்டச்சு பண்ணிட்டாங்களே, இபு. ரொம்ப வேகமான ஆளு உங்க தம்பி" என்றாள்.

தாள் வெறுமையாகவே திரும்பி வருகிறது.

அக்கா

*

ஜகார்த்தா
20 பிப்ரவரி 1989

அக்காவுக்கு,

ஸலாம். இங்கே நலம்.

மூன்று முறை இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்தேன். கோபத்தில்தான். இங்கே உட்கார்ந்து கட்டடங்களுக்கு வழி தேடுவது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாது என்று எழுதினேன். பெரியவர்கள் முடிவு செய்து என்னைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள் என்று எழுதினேன். அது பொய். பரிந்துரையின் வரைவு என்னுடையது. ஆகஸ்டில் எழுதினேன். குழுவில் ஓர் இடம் காலியாகிறது, எனக்குக் கிடைக்கும் என்றார்கள். விட்டுப்போன வரி அதுதான்.

ஆனால் நானும் அப்பாவிடம் வாசித்தவன். உங்கள் டிசம்பர் கடிதத்தில் நான் ஒரு புள்ளி வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வகுப்பு நடக்க வேண்டிய நேரத்தில், நீங்கள் ஏன் கூரை மேல் இருந்தீர்கள்?

எனக்குத் தெரியும். நவம்பர் 21ஆம் தேதி உங்களைப் பணியிலிருந்து நிறுத்திய உத்தரவில் செயலாளர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு என் மாமியாரின் கண்ணை விசாரித்து எழுதினீர்கள். ஒரு சொல் திட்டியிருக்கலாம், அக்கா. எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 3 அன்று என்ன வாசிக்கப் போகிறேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஜுபைதி

*

ரெம்பாங்
12 மார்ச் 1989

தம்பிக்கு,

ஸலாம். பிள்ளைகள் இருமல் இல்லாமல் நோன்பை வரவேற்கட்டும். ஹெர்லினாவுக்கு உலர்ந்த மீன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

உன் புள்ளி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஆமாம், உத்தரவைப் பார்த்தேன். உன் கையெழுத்து முன்பைவிட அழகாகியிருக்கிறது. திட்டாததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. உனக்கு வசதியாக எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை.

பன்னிரண்டு பேரும் தினமும் காலை ஏழு மணிக்கு என் முன்னறைக்கு வருகிறார்கள். கியாய் ஆள் அனுப்பித் தடுத்துப் பார்த்தார். முஸ்லிஹா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "மிளகா பறிக்க வந்தோம்னு கியாய்கிட்ட சொல்லுங்கண்ணே. பன்னெண்டு பேருக்கும் காரம் பிடிக்கும்" என்று அந்த மனிதரைத் திருப்பி அனுப்பினாள். என்னைவிட நன்றாகப் பேசுகிறாள் இப்போது.

வகுப்பு முடிந்து நான் தோட்டத்துக்குப் போக வாசலுக்கு வந்தால், என் ரப்பர் செருப்பு ஒவ்வொரு நாளும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. நான் ஆசிரியை இல்லை என்று உங்கள் உத்தரவு சொல்கிறது. அவர்கள் இன்னும் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

இப்போது விஷயம். அறக்கட்டளை விதிகளில் பதினேழாவது: ஒரு முடிவால் பாதிக்கப்படும் மாணவர்கள் குழுவின் முன் நேரில் வந்து கேட்கலாம், பேசலாம். 1971இல் அதை எழுதியவர் அப்பா. தட்டச்சு செய்தவன் நீ. அந்த வரியையாவது தாண்டாமல் அடித்திருக்கிறாய்.

பன்னிரண்டு பேரும் வருகிறார்கள். குழுத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டார்கள். எழுதியது வசீலா, முதல் கையெழுத்து முஸ்லிஹா. நான் கையெழுத்திடவில்லை, அது அவர்களுடைய வழக்கு. பேருந்தில் இடம் பிடித்தாகிவிட்டது. முஸ்லிஹாவின் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆகவே நான் வரவில்லை. அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள், அதனால்தான் அப்படி வாசித்தேன் என்று நீ பிறகு சொல்லிக்கொள்ள வழியிருக்காது.

மூன்றாம் தேதி உன் அறிக்கையை நீ வாசி. எதை வேண்டுமானாலும் வாசி. திருமதி கால்டரின் அறிக்கை நகல் பன்னிரண்டு பேரிடமும் இருக்கும். எதிர் பெஞ்சில் தலை குனிந்து, மரியாதையாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். கையில் ஆளுக்கொரு பென்சில்.

வாசித்து முடித்து மாடியிலிருந்து இறங்கும்போது அவசரப்படாதே. கழற்றிப் போட்ட உன் செருப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று முதலில் பார். பார்த்ததை எனக்கு எழுது.

வஸ்ஸலாம்,
அக்கா மர்ஃபூஆ